டிகாஷன் இறங்கும் அந்தக் கால் மணி நேரம்
காலை அவசரத்தில் காபி ஃபில்டரைத் தட்டாதீர்கள். டிகாஷனோடு தூளும் இறங்கி, டம்ளர் அடியில் மண்டி தங்கும். மேல் பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் லேசாக அமர்த்துங்கள். இறுக்கி அழுத்தினால் தண்ணீர் நின்றுவிடும். அமர்த்தாமல் விட்டால் மளமளவென இறங்கி, டிகாஷன் வெளுத்துப்போகும். கொதித்த தண்ணீரை இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, முதலில் தூள் நனையும் அளவுக்கு; பிறகு மீதியை ஊற்றி மூடுங்கள். மொத்தம் 150 மில்லி போதும்.

இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதுவரை செல்போனைத் தொடாமல் வாசலில் நில்லுங்கள், செடிக்குத் தண்ணீர் விடுங்கள், சும்மாவும் உட்காரலாம். சொட்டுவது நின்றுவிட்டதா? கீழே காற்று அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்தால் மறுபடி சொட்டும்.