நாய் வாலாட்டினால் என்ன அர்த்தம்? குட்டி வாசகர்களுக்கான செய்முறை விளக்கம்

"வாலை ஆட்டுதே, அப்போ சந்தோஷமாத்தான் இருக்கு, போய்த் தடவலாம்!" பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் பாதிதான் சரி. வால் ஆடுகிறது என்றால் நாய்க்குள் ஏதோ ஒரு பரபரப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அது மகிழ்ச்சியா, பயமா, கோபமா என்பதை வால் நிற்கும் உயரத்தையும் ஆடும் விதத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். கடிக்கப்போகிற நாயும் வாலாட்டலாம்.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கும் போன், கூடவே ஒரு பெரியவர். உங்களுக்கு நன்றாகப் பழகிய நாயையே முதலில் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

படி 1: சும்மா இருக்கும்போது வாலை வரையுங்கள்

நாய் யாரையும் கவனிக்காமல் நிதானமாக நிற்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வரைந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. கிரேஹவுண்ட் இன நாய்க்கு இயல்பாகவே வால் கீழே, கால்களை ஒட்டி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்திருக்கிறது என்று நினைத்துவிடுவோம். ஹஸ்கி, பக் போன்றவற்றின் வால் முதுகுமேல் சுருண்டிருக்கும். அதனால் அவை எப்போதும் மிடுக்காக இருப்பதுபோலத் தோன்றும். வால் மிகக் குட்டையாக இருந்தால் இடுப்பு அசைவைப் பாருங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளை விட்டுவிடுங்கள், அவை இன்னும் சரியாக வாலாட்டப் பழகியிருக்காது.

படி 2: உயரத்தைப் பாருங்கள்

நீங்கள் வரைந்த படத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிட மேலே தூக்கியிருந்தால் நாய் எதையோ உன்னிப்பாகக் கவனிக்கிறது, அல்லது 'நான்தான் இங்கே பெரியவன்' என்று காட்டுகிறது. கீழே இறங்கியிருந்தால் தயக்கம். பின்னங்கால்களுக்கு நடுவே செருகியிருந்தால் பயம். பயந்த நாயைச் சமாதானப்படுத்துகிறேன் என்று கிட்டே போகக் கூடாது. தப்பிக்க வழியில்லாவிட்டால் அது கடித்துவிடும்.

படி 3: எப்படி ஆடுகிறது?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

வால் தளர்வாக, இரண்டு பக்கமும் அகலமாக வீசி, கூடவே இடுப்பும் நெளிந்தால் அது நட்பு. பிடித்தவர் வரும்போது சில நாய்கள் வாலை வட்டமாகவே சுழற்றும். இதைவிடத் தெளிவான வரவேற்பு கிடையாது.

தாழ்ந்த வால் சிறிதாக, வேகமாக ஆடினால் 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று கெஞ்சுகிறது. காது பின்னால் படிந்திருக்கும், உடம்பு தாழ்ந்திருக்கும். வாலைக் குழைத்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்கு உள்ளே உதறல்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வால் கம்பிபோல விறைத்து மேலே நிற்கும். நுனி மட்டும் கொஞ்சமாக, ஆனால் படபடவென்று துடிக்கும். அந்த நேரத்தில் உடம்பைப் பாருங்கள்: நான்கு கால்களும் ஊன்றி அசையாமல் நிற்கும், வாய் மூடியிருக்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும். வால் ஆடுகிறது, உடம்பு ஆடவில்லை. இப்படி இருந்தால் உடனே விலகுங்கள். ஓடவோ கத்தவோ வேண்டாம். கைகளை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணை நேராகப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள்.

படி 4: இடமா, வலமா?

2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துச் சோதித்தார்கள். உரிமையாளரைப் பார்த்தபோது வால் வலப்பக்கம் அதிகமாக வீசியது. அறிமுகமில்லாத, மிடுக்கான வேறொரு நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் சாய்ந்தது. மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குவதே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

வலம், இடம் என்பது நாயின் வலம், இடம். எனவே நாய்க்குப் பின்பக்கமிருந்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்தால் தலைகீழாக எழுதிவிடுவீர்கள். வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பார்க்க ஜாலியான சோதனைதான், ஆனால் தொடலாமா கூடாதா என்று முடிவெடுக்க இதை நம்ப வேண்டாம்.

படி 5: தொடும் முன்

வாலோடு முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வாய் லேசாகத் திறந்து, முகம் தளர்ந்திருந்தால் நல்லது. கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, உணவில்லாமலேயே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முதுகு முடி சிலிர்ப்பது இவையெல்லாம் 'வேண்டாம்' என்பதற்கான அறிகுறிகள். உறுமலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, நாயே உங்களிடம் வரட்டும் என்று காத்திருங்கள். வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் நெருங்கி வந்தால் தொடரலாம், முகத்தைத் திருப்பினால் அதோடு நிறுத்துங்கள். சாப்பிடும், தூங்கும், குட்டிகளோடு இருக்கும் நாய் எவ்வளவு வாலாட்டினாலும் கிட்டே போகாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது முதுகெலும்பின் தொடர்ச்சி, உள்ளே எலும்பும் நரம்பும் இருக்கின்றன.

வால் ஆடவே இல்லையென்றால்?

எப்போதும் ஆட்டும் நாய் திடீரென்று வாலைத் தொங்கவிட்டு, தொட்டால் வலியில் முனகினால் அது மனவருத்தம் இல்லாமலும் இருக்கலாம். நெடுநேரம் நீந்திய பிறகோ, அளவுக்கு மீறி ஓடியாடிய பிறகோ வாலின் தசைகள் பிடித்துக்கொள்வதுண்டு. வலி மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், மனிதர்களுக்கான மாத்திரைகள் நாய்க்கு ஆபத்தாகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். நோட்டில் முதல் நாள் வரைந்த படத்தையும் எடுத்துச் செல்லுங்கள், வால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவருக்குக் காட்ட உதவும்.