கொடுத்த அளவுகளுக்கு முக்கோணம் ஒன்றுதானா என்று கண்டறியும் முறை

ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களுமாக ஆறு அளவுகள் உண்டு. இவற்றுள் மூன்றைக் கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், கவராயத்தைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதே அளவுகளை வைத்துப் பலர் தனித்தனியே வரைந்தாலும் எல்லாருக்கும் ஒரே முக்கோணம்தான் கிடைக்குமா? ஒரே முக்கோணம் என்பது, தாளிலிருந்து வெட்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அச்சாகப் பொருந்துவதைக் குறிக்கும். பொருந்துவதற்காக ஒன்றைப் புரட்டிப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம். இதைத்தான் சர்வசமம் என்கிறோம்.

ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ (ப என்பது பக்கம், கோ என்பது கோணம்) என்று எழுத்துகளை மனப்பாடம் செய்வதைவிட, எல்லா வினாவுக்கும் உதவும் ஒரே செயல்முறையைப் பழகிக்கொள்வது மேல் என்பேன். நீளம் தெரிந்த ஒரு பக்கத்தை அடிக்கோடாக வரையுங்கள். இரண்டு உச்சிகள் நிலைபெற்றுவிடும். மூன்றாவது உச்சி எங்கே இருக்கலாம் என்பதை மற்ற இரண்டு அளவுகளும் சொல்லும்: பக்க நீளம் தரப்பட்டிருந்தால் அடிக்கோட்டின் முனையை மையமாகக் கொண்ட வட்டவில், அந்த முனையில் அமையும் கோணம் தரப்பட்டிருந்தால் அங்கிருந்து புறப்படும் கதிர். இவ்விரண்டும் அடிக்கோட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை இடங்களில் வெட்டிக்கொள்கின்றன என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும். கீழ்ப்பக்கத்தில் கிடைக்கும் புள்ளிகள் மேலுள்ளவற்றின் கண்ணாடிப் பிம்பங்களே என்பதால் அவற்றைத் தனியாக எண்ண வேண்டியதில்லை.

மூன்று பக்கங்களும் தெரிந்த நிலையிலிருந்து தொடங்குவோம். 4, 5, 6 செ.மீ. என்றால், 6 செ.மீ. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் 4, 5 செ.மீ. ஆரமுள்ள வில்களை வரைய, அவை மேலே ஓரிடத்தில் வெட்டும், முக்கோணம் ஒன்றுதான். ஆனால் 3, 4, 8 என்று கொடுத்தால் வில்கள் ஒன்றையொன்று எட்டவே எட்டா. 3, 4, 7 என்றாலோ அவை அடிக்கோட்டின் மேலேயே தொட்டுக்கொள்ளும், முக்கோணம் தட்டையாகிக் கோடாகிவிடும். ஆகவே மிகப் பெரிய பக்கம் மற்ற இரண்டின் கூடுதலைவிடக் குறைவாக இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால் இந்தக் கவலைகூட இல்லை. கோணம் 180°-க்குக் குறைவாக இருந்தால் போதும், எப்போதும் ஒரே முக்கோணம்தான்.

இரு கோணங்களும் ஒரு பக்கமும் என்றால் இரண்டு கதிர்கள் வெட்ட வேண்டும். கோணங்களின் கூடுதல் 180°-க்குக் குறைவாக இருந்தால் அவை ஓரிடத்தில் வெட்டும். சரியாக 180° என்றால் இணையாகப் போகும். அதற்கும் மேல் என்றால் விலகிப் போகும். கொடுத்த பக்கம் அவ்விரு கோணங்களுக்கும் இடையில் இல்லாவிட்டாலும் தடையில்லை, 180°-லிருந்து கழித்து மூன்றாவது கோணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பக்கம் எந்தக் கோணத்துக்கு எதிரே இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். கோணங்கள் 50°, 60°, ஒரு பக்கம் 7 செ.மீ. என்று மட்டும் சொன்னால், அந்தப் பக்கம் 50°-க்கு எதிரே, 60°-க்கு எதிரே, மீதியான 70°-க்கு எதிரே என வெவ்வேறு அளவுள்ள மூன்று முக்கோணங்களை வரையலாம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 8, 12, 18 பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தையும் 12, 18, 27 பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருப்பதால் கோணங்கள் மூன்றும் சமம். 12, 18 என இரண்டு பக்கங்களும் இரண்டிலும் இருக்கின்றன. ஆறில் ஐந்து அளவுகள் ஒத்திருந்தும் ஒன்று மற்றதைவிடப் பெரியது, ஏனெனில் சமமான பக்கங்கள் சமமான கோணங்களுக்கு எதிரே இல்லை. மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்தால் போதாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்: அடிக்கோடு வரைய நீளமே இல்லாதபோது வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது.

சிக்கல் எல்லாம் இரு பக்கங்களும், அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் தரப்படும்போதுதான். யூக்ளிடின் முதல் நூலில் 4, 8, 26-ஆம் தேற்றங்கள் மற்ற சேர்க்கைகளைச் சர்வசமம் என்று நிறுவுகின்றன; இந்தச் சேர்க்கை அவற்றில் இல்லை. காரணத்தை வரைந்தே பார்க்கலாம். கச என்ற கோட்டை 10 செ.மீ. நீளத்தில் வரைந்து, க முனையில் 30° கோணத்தில் ஒரு நீண்ட கதிரை இழுங்கள். ச-வை மையமாக வைத்து 6 செ.மீ. ஆரத்தில் வில் வரையுங்கள். வில் கதிரை வெட்டும் இடமே மூன்றாவது உச்சி த. வில் கதிரை இரண்டு இடங்களில் வெட்டும், க-விலிருந்து ஏறக்குறைய 5.3 செ.மீ. தொலைவில் ஒன்று, 12 செ.மீ. தொலைவில் மற்றொன்று. இரண்டும் அடிக்கோட்டின் ஒரே பக்கத்தில் இருப்பதால் இவை பிம்பங்கள் அல்ல, உண்மையிலேயே வேறு வேறு முக்கோணங்கள். பலரும் வில்லைத் தாங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் மட்டும் சிறு கீறலாக இழுத்துவிட்டு இரண்டாவது புள்ளியைத் தவறவிடுகிறார்கள். இந்த நிலையில் மட்டுமாவது வில்லைத் தாராளமாகச் சுற்றி வரைவது அவசியம்.

ஆரத்தை மாற்றிப் பார்த்தால் முழு விவரமும் கிடைக்கும். ச-விலிருந்து கதிருக்கு உள்ள செங்குத்துத் தூரம் 10 × சைன் 30°, அதாவது 5 செ.மீ. ஆரம் அதைவிடக் குறைந்தால் முக்கோணமே இல்லை. சரியாக 5 என்றால் வில் கதிரைத் தொட்டு ஒரு செங்கோண முக்கோணத்தைத் தரும். 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் இரண்டு முக்கோணங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று. க-வில் உள்ள கோணம் செங்கோணமாகவோ விரிகோணமாகவோ இருந்தால் இரண்டு வருவதற்கு வழியே இல்லை: எதிர்ப்பக்கம் மற்றதைவிடப் பெரியதாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் எதுவுமில்லை. பாடநூல்களில் தனி விதியாக வரும் செங்கோணம்-கர்ணம்-பக்கம் இதன் ஒரு வகைதான், ஏனெனில் செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் கர்ணம் எப்போதும் பெரியது.

வரையாமல் கணக்கிட்டே முடிவு செய்ய விரும்பினால், சைன் விதியை (பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று பக்கங்களுக்கும் ஒரே மதிப்பு வரும்) கவனமாகக் கையாளுங்கள். மேற்கண்ட 6 செ.மீ. வினாவில் த உச்சியின் சைன் மதிப்பு 0.8333, கால்குலேட்டரில் நேர்மாறு சைன் போட்டால் 56.4° மட்டுமே வரும், அதே சைன் மதிப்புள்ள 123.6°-ஐ அது காட்டாது. இந்த இரண்டாவது கோணத்துடன் 30°-ஐக் கூட்டினால் 180°-க்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; இங்கே 153.6° என்பதால் அடங்குகிறது, ஆகவே இரண்டாவது முக்கோணமும் உண்டு. இதைவிடப் பாதுகாப்பான வழி, மூன்று பக்கங்களையும் ஒரு கோணத்தையும் தொடர்புபடுத்தும் கொசைன் விதி. தெரியாத பக்கமான கத-வை ந என்று வைத்தால் ந² − 17.32ந + 64 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் வெவ்வேறு மிகை மூலங்கள் எத்தனையோ, முக்கோணங்களும் அத்தனை. ஆரத்தை 12 செ.மீ. ஆக்கினால் மாறிலி 64-க்குப் பதிலாக −44 ஆகி, ஒரு மூலம் குறை எண்ணாகிவிடுவதால் மீதமிருக்கும் 19.57 செ.மீ. மட்டுமே விடையாகும்.