அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்: வீடு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு வாங்கப் போகிறவர்களின் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பது என் வேலை. தண்ணீர் எப்படி, பஸ் வசதி உண்டா என்பதையெல்லாம் எல்லோரும் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதை விடுவோம். முதல் வீடு வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் வேறு.

முதலில் அட்வான்ஸ், அப்புறம் பத்திரம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். சனிக்கிழமை வீட்டைப் பார்க்கிறார்கள், பிடித்துவிடுகிறது. "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், டோக்கன் போட்டுட்டீங்கன்னா கை மாறாது" என்கிறார் புரோக்கர். மறுநாளே நல்ல நேரம் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பத்திர நகல் என் மேஜைக்கு வருவது அதற்கடுத்த வாரம்.

அண்மையில் தாம்பரம் பக்கம் தனி வீடு பார்த்திருந்த ஒரு தம்பதி வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டிருந்தார்கள், அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரில்தான். "எல்லாம் கிளியர் சார், ஒரு பார்வை பார்த்துடுங்க, போதும்" என்றார் கணவர். ஐந்து லட்சம் ஏற்கெனவே போய்விட்டது.

தாய்ப்பத்திரம், அதாவது சொத்து முதலில் வாங்கிய பழைய பத்திரம், விற்பவருடைய அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு பெயர்கள். மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விற்பவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் எழுதிக் கொடுத்தவர்கள் இடத்தில் இரண்டே கையெழுத்து: அம்மாவும் தம்பியும். அக்காவைக் காணோம். கேட்டதற்கு, "அவங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்றாராம் விற்பவர்.

உயில் இல்லாமல் அப்பா விட்டுப்போன சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 முதலே சொல்கிறது. கல்யாணத்தில் போட்ட நகை அந்தப் பங்கைக் கழித்துவிடாது. அந்த வீட்டில் கால் பங்கு அக்காவுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ பாகம் கேட்டு வழக்குப் போடலாம்.

ஈசியில் இது ஏன் வரவில்லை என்று வாங்க வந்தவரின் மனைவி கேட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள்தான் ஈசியில் வரும். விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது, அதனால் வந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாத வாரிசைப் பற்றி ஈசி பேசாது. பதிவு செய்யாத உயிலும் வராது. பட்டா வருவாய்த் துறைப் பதிவேடு. அதை மட்டும் வைத்து உரிமை முழுதாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே? கேட்டார்கள். கடனை அடைத்துவிட்டேன், வேறு ஆள் வாங்கினால் தருகிறேன் என்கிறார் விற்பவர். கையில் இருப்பது பதிவு செய்யாத ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அது இவர்களுக்குத் தெரியவில்லை, புரோக்கரும் சொல்லவில்லை.

நகல்களை முதலில் வாங்குங்கள். பத்து நாள் டைம் கேளுங்கள். நேர்மையாக விற்கிறவர் நகல் கொடுக்கத் தயங்குவது அபூர்வம். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சின்னத் தொகையாக, பேங்க் வழியாக, "பத்திரத்தில் குறை இருந்தால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

பேங்க் லோன் கொடுத்தால் பத்திரம் சரி என்று நம்புவது

பேங்க் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும்.

விலையை மட்டும் கணக்குப் போடுவது

70 லட்சத்துக்குத் தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். லோன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை போனால், ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் பேங்க் கொடுக்காது. அதாவது 56 லட்சம். மீதி 14 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6 லட்சத்து 30 ஆயிரம். இதை அந்த 80 சதவீதக் கணக்கில் பேங்க் சேர்க்காது. 20 லட்சத்துக்கு மேல் கையில் இல்லாமல் இந்த வீட்டைப் பேச ஆரம்பிக்கக் கூடாது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. விலையில் கழித்துக்கொண்டுதான் விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்த 70,000 ரூபாய்க்காக விற்பவர் பின்னால் அலைகிறவர்களைப் பார்க்கிறேன்.

அளக்காமல் வாங்குவது

சர்வேயரை வரவழைத்து டேப் பிடியுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குக் கேட்டதையெல்லாம் கொடுப்பது

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டமென்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

அசலைப் பார்க்காமல் விடுவது

கலர் ஜெராக்ஸ் அசல் மாதிரியே இருக்கும். அசலைக் கையில் வாங்கி, முத்திரைத்தாளையும் சார்பதிவாளர் அலுவலகத்தின் சீலையும் பாருங்கள். "ஊர்ல அண்ணன்கிட்ட இருக்கு" என்றால், அது வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்றிதழும் பேப்பரில் கொடுத்த விளம்பரமும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பத்திரம் யாரிடமாவது கடனுக்கு ஈடாக உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. பதிவு செய்யாமல் வைத்த அந்த அடமானமும் ஈசியில் வராது.