ஒரு பிட்காயின் எடுக்க எவ்வளவு செலவு? கணக்கு பிசகும் இடங்கள்

பிட்காயின் எடுப்பது (மைனிங்) என்றால், அதற்கென்றே செய்த மெஷின்களை ஓட்டிக் கணக்குப் புதிருக்கு விடை தேடி, கண்டுபிடித்தால் புது பிட்காயினைப் பரிசாகப் பெறுவது. ஒரு பிட்காயின் எடுக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், பலரும் மின்கட்டணத்தை வைத்து ஒரு வகுத்தல் போட்டு விடை சொல்லிவிடுகிறார்கள். வகுத்தலில் பிழை இருக்காது. வகுக்க எடுத்த எண்கள்தான் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

ஒரு மெஷினை வைத்தே பார்த்துவிடலாம். ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மைனிங் மெஷின் நொடிக்கு 200 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்பது லட்சம் கோடி முயற்சி) வேகத்தில் ஓடும், 3,500 வாட் இழுக்கும். நாளைக்கு 84 யூனிட். உலகத்து மெஷின்களின் மொத்த வேகம் 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் 10 லட்சம் டெராஹாஷ்) என்று வைத்துக்கொள்வோம் (2024 நடுவில் ஏறக்குறைய அவ்வளவுதான்). அதில் நம் மெஷினின் பங்கு 30 லட்சத்தில் ஒன்று. 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைந்தபின், தினமும் புதிதாக வருவது சுமார் 450 பிட்காயின். இந்த மெஷின் ஒரு முழு பிட்காயினை ஈட்ட 6,667 நாள், 5,60,000 யூனிட் வேண்டும். யூனிட் 5 சென்ட் என்றால் 28,000 டாலர். 10 சென்ட் என்றால் 56,000.

இதோடு பேனாவை மூடிவைப்பதுதான் பெரிய தவறு. 6,667 நாள் என்பது பதினெட்டு ஆண்டு! அத்தனை காலம் மெஷினும் தாங்காது, பரிசும் இதே அளவில் இருக்காது. அதற்கு முன்பே கணக்கைக் கவிழ்ப்பது கடினநிலை, அதாவது புதிருக்கு விடை காண்பது எவ்வளவு கடினம் என்ற அளவு. 2,016 பிளாக்குகளுக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு) ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிட்காயின் நெட்வொர்க் அதை மெஷின்களின் மொத்த வேகத்துக்கு ஏற்ப ஏற்றியோ இறக்கியோ திருத்திக்கொள்கிறது. 2025இல் மொத்த வேகம் 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது. அந்த வேகத்தில் அதே மெஷின் ஒரு பிட்காயினுக்கு 9,33,000 யூனிட் கேட்கும். 28,000 டாலர் 46,667 ஆகிவிடும்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 2021இல் சீனா மைனிங்கைத் தடைசெய்து மெஷின்கள் அணைந்தபோது, ஜூலை 3ஆம் தேதி கடினநிலை ஒரே திருத்தத்தில் சுமார் 28 சதவீதம் சரிந்தது. மற்ற நாடுகளில் மைனிங் செய்தவர்களுக்கு ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் அடக்கவிலை குறைந்தது.

மெஷினின் விலையைச் சேர்க்க மறப்பது அடுத்தது. 3,500 டாலருக்கு வாங்கி மூன்று ஆண்டில் தேய்மானம் எழுதினால் நாளைக்கு 3.20 டாலர். 5 சென்ட் வீதத்தில் மின்சாரத்துக்கே 4.20 டாலர்தான் ஆகிறது! மேலே வந்த 28,000 டாலரோடு தேய்மானமாக இன்னும் 21,300 சேர்கிறது. சூட்டை வெளியேற்றும் செலவு, பூல் (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டிப் பரிசைப் பங்கிடும் குழு) கட்டணம், மெஷின் பழுதாகி நிற்கும் நாட்கள் எல்லாம் தனி.

மின்கட்டணத்துக்கு ஒரே சராசரியைப் போடுவதும் ஆபத்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மின்நுகர்வுக் குறியீடு யூனிட்டுக்கு 5 சென்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அது ஓர் அனுமானம், எந்த ஊரின் பில்லும் அல்ல. டெக்சஸில் கட்டணம் எதிர்த்திசையிலும் ஓடும்: 2023 ஆகஸ்டில் ரயட் என்ற மைனிங் நிறுவனம் 333 பிட்காயின் எடுத்தது, மெஷின்களை நிறுத்திவைத்து மின்சாரத்தை விட்டுக்கொடுத்ததற்கு வரவுகளாக 3.17 கோடி டாலர் பெற்றது. அந்த மாதம் அதன் அடக்கவிலை என்னவென்று கேட்டால், வரவை எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடை.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று: ‘அடக்கவிலைக்குக் கீழே பிட்காயின் விலை இறங்காது’ என்ற பேச்சு. விலை ஏறினால் புது மெஷின்கள் வந்து கடினநிலையை ஏற்றும். இறங்கினால் நஷ்டக்காரர்கள் அணைத்துவிட்டுப் போவார்கள், செலவும் கூடவே இறங்கும். செலவுதான் விலையின் பின்னால் ஓடுகிறது. 2022 டிசம்பரில் கோர் சயின்டிஃபிக் என்ற மைனிங் நிறுவனம் திவால் மனு போட்டபோது, அடக்கவிலை அதைக் காப்பாற்றவில்லை.

இந்தியாவில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்கிற்கான கட்டமைப்புச் செலவை, பிட்காயினை வாங்கிய விலையாகக் கருதிக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. மின்கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த வரி விதியைப் பாருங்கள்.