மணல் மூட்டை எங்கே? கைத்தறிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தறிக்கூடத்துக்கு நெசவு கற்க வருபவர்களில் பெரும்பாலோர் ஆடை வடிவமைப்புப் படித்தவர்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை அவர்கள் ஏறத்தாழ அதே வரிசையில் செய்வதால்தான் இதை எழுதுகிறேன். இழை அறுவது, ஓரம் உள்வாங்குவது, மிதி தவறுவது போன்றவை கை பழகினால் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்து நெய்வது

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கண்டாங்கியை அலைபேசியில் படம் பிடித்து, கட்டங்களைக் கணினியில் வரைந்து, அப்படியே தறிக்குக் கொண்டுவருகிறார்கள். படத்தில் கட்டத்தின் அகலம் தெரியும். அங்குலத்துக்கு எத்தனை இழை, எத்தனையாம் நம்பர் நூல், ஊடை, அதாவது குறுக்கு நூல், எவ்வளவு நெருக்கமாக அடிக்கப்பட்டது என்பவை தெரியா. தடித்த நூலுக்கென்று அமைந்த கட்டத்தை மெல்லிய 100-ஆம் நம்பர் நூலில் போட்டால் நிறம் மட்டுமே கண்டாங்கியாக இருக்கும். பழைய சேலையின் மேல் உருப்பெருக்கியை வைத்து இழைகளை எண்ணுங்கள்.

கரையையும் உடலையும் ஒரே உருளையில் சுற்றுவது

இந்தத் தவறு எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுகிறது. நான் கற்றுக்கொண்ட குழித்தறியின் பின்புறத்தில், கரையின் ஜரிகை இழைகள் மட்டும் உடல் பாவிலிருந்து (பாவு என்பது நெடுக்கு நூல்) பிரிந்து தனிக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். கயிற்றின் முனையில், பழைய வேட்டிக் கிழிசலில் முடிந்த ஒரு மணல் மூட்டை தொங்கும். கற்றுத்தந்த பெரியவர் காலையில் குழியில் இறங்கும் முன் அதை விரலால் தட்டிப் பார்த்து, சில நாள் ஒரு பிடி மணலைச் சேர்ப்பார், சில நாள் எடுப்பார். வேறு வசதி இல்லாத காலத்தின் மிச்சம் என்று அதை நான் எடைபோட்டேன். சொந்தத் தறி அமைத்தபோது, பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமென்று, பருத்தி உடலையும் ஜரிகைக் கரையையும் ஒரே உருளையில் சுற்றினேன். ஆறு சேலைக்கான பாவு அது.

ஒன்றரை மீட்டர் வரை குறையில்லை. உடலில் ஒவ்வோர் இழையும் ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் பாவின் நீளம் கூடுதலாகச் செலவாகிறது. கரையில் வேலைப்பாட்டை எழுப்பும் இழைகளோ பல ஊடைகளைத் தாண்டி மிதந்து செல்வதால் குறைவாகவே செலவாகின்றன. மீட்டருக்கு ஒரு விரற்கடைதான் வேறுபாடு என்றாலும் அது சேர்ந்துகொண்டே போகும். மூன்றாம் மீட்டரில் கரை இழைகள் தொய்ந்து, ஊடையைக் குறுக்கே கொண்டுசெல்லும் நாடாவின் வழியில் விழுந்தன; நாடா மோதி ஜரிகை அறுந்தது. உருளையில் அட்டைத் துண்டுகளைச் செருகி இறுக்கியது அடுத்த அரை மீட்டருக்குத்தான் உதவியது. முதல் சேலையைத் துவைத்ததும் உடல் சுருங்க, ஜரிகை சுருங்காமல், கரை முழுவதும் பொரித்த அப்பளத்தின் ஓரம்போல நெளிந்து நின்றது. இரண்டாம் சேலையோடு பாவை வெட்டினேன். மீதி நான்கு சேலைக்கான நூலும், கஞ்சி போட்ட கூலியும், பாவு பிணைத்த கூலியும் போயின. பெரியவரிடம் சொன்னபோது, “மூட்டை எங்கே தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் ஒரு மாணவி பருத்திப் பாவுக்குள் லினன் கோடுகளைச் சேர்த்து ஒரே உருளையில் சுற்றிக்கொண்டிருந்தார். பருத்தி சற்று நீளும், லினன் நீளாது. தடுத்தபோது, தாம் நெய்வது பழைய பாணி அல்லவே என்றார். நூல் வகை புதிதாக இருக்கும்போதுதான் மூட்டை தரும் தனி இழுவை கூடுதலாகத் தேவைப்படும். மணல் பிடிக்காதவர்கள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடலாம்.

எல்லாவற்றையும் கோர்வை என்று விற்பது

காஞ்சிபுரக் கோர்வையில் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். ஓர் உதவியாளரும் வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஒரே நாடாவில் நெய்தால் உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்து தெரியும். அதுவும் நல்ல துணிதான், ஆனால் கோர்வை அன்று.

சாயம்

சிவப்பு நூலை வெள்ளைத் துணியோடு வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள், பாவு போடும் முன்.

பாவின் நீளம்

சேலையின் நீளத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் போதாது. நெய்கையில் செலவாகும் நீளம், துவைத்தால் சுருங்கும் நீளம், கடைசியில், பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுக்குப் பின்னால் நெய்ய முடியாமல் நிற்கும் துண்டு ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். நான் கூட்டாமல் விட்ட ஒரு பாவில் கடைசிச் சேலைக்கு முந்தி வரவில்லை; அது இப்போது என் வீட்டில் ஜன்னல் திரையாகத் தொங்குகிறது.