டச்சு பிரீமியம் விகிதங்கள்: ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்கள்

டச்சு எண்களில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி வேலை செய்யும் (நம் 1.8 அங்கே 1,8) என்பது, டச்சு காப்பீட்டு ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் இந்தத் தொழிலுக்கு வருகிற யாருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். புதியவர்களின் பக்கங்களைச் சரிபார்க்க உட்காரும்போது, எங்கள் செட் அன்று அடித்த அதே கூத்துகள்தான் கண்ணில் படுகின்றன.

ஆயிரத்துக்கா, நூற்றுக்கா?

தீக்காப்பீட்டு பாலிசியில் பிரீமியம் 1,8‰, அதாவது ஆயிரத்துக்கு 1.8, என்று இருக்கிறது. காப்பீட்டுத் தொகை 4 லட்சம் யூரோ. ஆண்டுக்கு 720 யூரோ கட்டினால் போதும். அந்த ஒரு குட்டிச் சுழியைக் கவனிக்காமல் 1.8% என்று அடித்தால் 7,200. பிழைதிருத்தி மென்பொருளும் வாயைத் திறக்காது, ஏனென்றால் 1.8% பார்வைக்கு ஒழுங்கான எண்தான். பக்கத்துக் கட்டத்தில் வரி விகிதம் 21% என்று வேறு இருக்கும். கை தானாக இதையும் அப்படியே அடித்துவிடும்.

பழைய பாலிசிகள் இன்னும் மோசம். தட்டச்சுப்பொறியில் ‰ கிடையாது, 0/00 என்று அடித்திருப்பார்கள். ஸ்கேன் செய்தால் அது முன்னால் உள்ள எண்ணோடு ஒட்டி 1,80/00 ஆகிவிடும். அண்மையில் ஒருவர் அதை வெறும் 1.80 என்று போட்டு அனுப்பினார். எதில் 1.80? வாடிக்கையாளர் அதைத்தான் கேட்டார், பதில் சொன்னது நான்.

ஆங்கிலத்தில் ‰ குறியை அப்படியே விடாதீர்கள், பலருக்கு அது பழக்கமில்லை. எல்.ஐ.சி. முகவர் சொல்வதுபோல ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விரித்து எழுதுங்கள். ஆனால் எந்த ஆயிரம் என்று பாருங்கள். கட்டடத்துக்குக் காப்பீட்டுத் தொகை. நிறுவனங்களின் பொறுப்புக் காப்பீட்டில் பெரும்பாலும் ஆண்டு விற்றுமுதல் அல்லது மொத்தச் சம்பளம். கண்ணை மூடிக்கொண்டு ‘சம் இன்ஷூர்ட்’ என்று போட்டால், விகிதம் சரியாக இருந்தும் கணக்கு தப்பு.

21% என்றாலே வாட் அல்ல

நெதர்லாந்தில் பொது வாட் விகிதம் 21%. 2013 முதல் காப்பீட்டு பிரீமியம் வரியும் அதே 21%. எண் ஒன்றாக இருப்பதால் வாட் என்று எழுதிவிடுகிறார்கள். காப்பீட்டுக்கு வாட் கிடையாது. ‘இன்ஷூரன்ஸ் பிரீமியம் டாக்ஸ்’ என்று எழுதுங்கள்.

பி.எம்.

இந்தச் சுருக்கம் மாதத்துக்கு என்றும் இருக்கலாம். தொகை பின்னர் நிரப்பப்படும் என்பதற்கான ‘ப்ரோ மெமோரி’யாகவும் இருக்கலாம். எண்ணே இல்லாமல் தனியாக நின்றால் அநேகமாக இரண்டாவது.

தொகைக்குப் பின்னால் ,-

சென்ட் இல்லை என்று அர்த்தம். மைனஸ் அல்ல.

மில்யார்ட்

100 கோடி. ஆங்கிலத்தில் பில்லியன்.