மூன்றாவது மணி நேரத்தில் எவ்வளவு வெளிச்சம்? ஹெட்லேம்ப் தேர்ந்தெடுக்கும் முறை

நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கான ஹெட்லேம்பை வாங்கப் போகும் பலரும் முதலில் பார்ப்பது, அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமென் (ஒளியின் அளவு) எண்ணைத்தான். நானும் என் முதல் விளக்கை அப்படித்தான் வாங்கினேன். ஒருமுறை மலையிலிருந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. முதல் அரை மணி நேரம் பாதை பளிச்சென்று தெரிந்தது. பிறகு வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கல் எது, குழி எது என்று பிரித்தறிய முடியாமல் போனது. தட்டுத் தடுமாறித்தான் கீழே வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து எந்த விளக்கைக் கையில் எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது மணி நேரத்தில் இது எவ்வளவு வெளிச்சம் தரும்?

படி 1: எதற்கு வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கூடாரத்துக்குள் பை தேட, சமைக்க, படிக்க 20 முதல் 50 லூமென் தாராளம். தெளிவான பாதையில் நடக்க 100 முதல் 200 லூமென் போதும். கரடுமுரடான இறக்கத்துக்கும் இரவு ஓட்டத்துக்கும் 200 முதல் 400 வரை வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவக் கணக்கு. உங்கள் கண்ணுக்குச் சற்று முன்பின் இருக்கலாம்.

அதன் பக்கத்திலேயே, அந்த வெளிச்சம் எத்தனை மணி நேரம் இடைவிடாமல் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். "200 லூமென், 4 மணி நேரம்" என்று ஒரு வரி கையில் இருந்தால் கடையில் குழப்பமே வராது.

படி 2: பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கப் பழகுங்கள்

நல்ல விளக்குகளின் பெட்டியில் ஆன்சி எஃப்.எல்.1 என்ற குறிப்பு இருக்கும். கையடக்க விளக்குகளை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லும் இந்தத் தரநிலை 2009-இல் வந்தது. இந்தக் குறிப்பு இருந்தால், எண்கள் ஒரே முறையில் அளக்கப்பட்டவை, ஒன்றோடொன்று ஒப்பிடலாம் என்று பொருள். இல்லாத பெட்டியில் போட்டிருக்கும் பெரிய லூமென் எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

இதில் மூன்று அளவுகளைக் கவனியுங்கள்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. விளக்கை எரியவிட்ட 30 நொடிகளிலிருந்து 2 நிமிடத்துக்குள் இதை அளந்துவிடுகிறார்கள். மூன்றாவது மணி நேரத்தைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது.

ஒளி எட்டும் தூரம் என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) குறையும் இடம்வரை உள்ள தூரம். அதாவது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். 100 மீட்டர் என்று போட்டிருந்தால், 100 மீட்டர் தள்ளி இருக்கும் பாறையின் மேல் நிலா வெளிச்சம் அளவுக்கு ஒளி விழும். பாறை இருப்பது தெரியும், கால் வைக்க அது போதாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதனால் போட்டிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

எரியும் நேரத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம் அது. "400 லூமென், 5 மணி நேரம்" என்றால் ஐந்து மணி நேரமும் 400 லூமென் வரும் என்று அர்த்தமில்லை. ஐந்தாவது மணி முடிவில் 40 லூமென்தான் இருக்கும். இடையில் எப்போது, எவ்வளவு குறைந்தது என்பதைப் பெட்டி சொல்லாது.

பல விளக்குகள் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களே நிற்கும். எல்.இ.டி. சூடாவதைத் தடுக்க, உள்ளிருக்கும் சுற்று தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிச்சத்தை ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருந்து, பேட்டரி தீரும் நேரத்தில் இறக்கும் வகையும் உண்டு. பேட்டரி வடிய வடிய மங்கிக்கொண்டே போகும் வகையும் உண்டு. நடப்பதற்கு முதல் வகையைத் தேடுங்கள். அது தீரும்போது சட்டென்று இறங்கிவிடும் என்பதால், மாற்றுப் பேட்டரி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

படி 3: ஒளிக்கற்றையின் வடிவம்

பரந்த ஒளி காலடியையும் பக்கங்களையும் காட்டும், குவிந்த ஒளி தூரத்தைக் காட்டும். நடப்பவருக்கு இரண்டும் சேர்ந்த விளக்கு நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பரந்ததை எடுங்கள்.

நெற்றியில் விளக்கு இருப்பதால் வரும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். தரை தட்டையாகத் தெரியும். மூடுபனியில் இன்னும் மோசம்: நீர்த்துளிகளில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவர் நிற்பதுபோல் ஆகிவிடும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்து நடங்கள். நிழல்கள் எழும்பும், பாதை தெரியும்.

படி 4: சிவப்பு விளக்கு

இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெள்ளை ஒளி ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். இருளில் பார்க்க உதவும் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. ஆனால் மங்கலான சிவப்புக்குத்தான் இது பொருந்தும். வாங்கும்போது ஒன்றைச் சோதியுங்கள்: வெள்ளையைத் தொடாமல் நேராகச் சிவப்புக்குப் போக முடிகிறதா? முடியாவிட்டால், நள்ளிரவில் கூடாரத்தில் தூங்குபவர் முகத்தில்தான் முதல் வெளிச்சம் விழும். சிவப்பு ஒளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் காணாமல் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 5: பேட்டரி

மூன்று ஏ.ஏ.ஏ. பேட்டரிகளில் இயங்கும் விளக்கு எடை குறைவு, பேட்டரியும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சாதாரண அல்கலைன் பேட்டரி, விளக்கு அதிக மின்சாரம் இழுக்கும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். கடுங்குளிரிலும் அப்படித்தான். 18650 என்ற லித்தியம்-அயான் செல்லில் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) அந்த மூன்றும் சேர்ந்து தருவதைப் போல ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு ஆற்றல் கிடைக்கும். உள்ளேயே பொருத்தப்பட்டு, கழற்ற முடியாத பேட்டரி ஒரு இரவுக்குச் சரி. பல நாள் பயணத்துக்கு, கழற்றி மாற்றக்கூடியதை எடுங்கள்.

படி 6: தலையில் மாட்டிப் பாருங்கள்

தலையை வேகமாக ஆட்டுங்கள், குதியுங்கள். விளக்கு சரிகிறதா? கீழ்நோக்கிச் சாய்க்கும் கீல் உறுதியாக நிற்கிறதா? கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா? பைக்குள் தானாக எரிந்து பேட்டரி தீராமல் இருக்கப் பூட்டு வசதி உண்டா? நீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் பெட்டியில் ஒரு குறியீடு இருக்கும்: மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும், அது தெறிக்கும் நீரைத் தாங்கும். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் ஐ.பி.எக்ஸ்.7 பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்.

படி 7: வீட்டிலேயே ஒரு இரவு சோதனை

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை நிறுவுங்கள். இருட்டறையில் விளக்கையும் கைபேசியையும் ஒரு மீட்டர் இடைவெளியில் அசையாமல் வையுங்கள். நீங்கள் நடக்கும்போது பயன்படுத்தப்போகும் அளவில் விளக்கை எரியவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் வெளிச்சம் பாதியாக எப்போது இறங்குகிறது என்பதைக் காட்டிவிடும்.

தூரத்தையும் தோராயமாக அளக்கலாம். பெட்டியில் தூரம் எந்த அளவுக்குப் போட்டிருக்கிறதோ அதே அளவில் விளக்கை எரியவிட்டு, 3 மீட்டரில் ஒளியின் நடுப்பகுதியை அளந்து, வந்த லக்ஸை 9-ஆல் பெருக்குங்கள். 100 லக்ஸ் வந்தால் 900 கேண்டெலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு). அதன் வர்க்கமூலம் 30, இரண்டால் பெருக்கினால் 60 மீட்டர். பெட்டியில் 150 மீட்டர் என்று இருந்தால் செயலியை ஒருமுறை சரிபாருங்கள். மறுபடியும் அதே எண் வந்தால், மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்குள் விளக்கைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் விளக்கு எந்த அளவில் எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி, பட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் விளக்கில் "நடு அளவு, 4 மணி 15 நிமிடம்" என்று இருக்கிறது. நான்காவது மணி தொடங்கியதும் மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பைக்கு மாற்றிவிடுவேன்.